பெரியாழ்வார் கண்ட பெயர்

பெரியாழ்வார் திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி, பிள்ளைகளுக்குப் பெயரிடுதலைப் பற்றியது. பத்தே பாட்டுகள். பெருமாள் கோயிலில் யாரேனும் சொற்பொழிவாளர் இதனை எடுத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். பிள்ளைக்குத் திருமாலின் திருப்பெயரை இடுங்கள். இட்டால் பெற்றவளுக்கு நரகம் இல்லை. இவ்வளவே பொருள் என்பார். கூடவே பாகவதத்து அசாமிளன் கதையும் வரும். ஒழுக்கம் கெட்டு வாழ்ந்த ஒருவன் சாகும் தறுவாயில் தன் கடைசி மகனை 'நாராயணா' என்று கூப்பிட்டான். அவன் கூப்பிட்டது மகனையே ஆயினும் வந்து நின்றவர்கள் திருமாலின் தூதர்கள் என்பது அக்கதை. கேட்போர் மகிழ்ந்து கைகுவிப்பர். பிறகு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பழைய செல்லப் பெயராலேயே கூப்பிடுவர்.

இப்பதிகத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையிலும், நாள்தோறும் காலையில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவதையே முதல் வேலையாக முப்பது ஆண்டுகள் செய்தவன் என்ற முறையிலும், அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அது பாட்டின் பயனைச் சொல்கிறது; பாட்டைச் சொல்லவில்லை.

பாட்டைப் பார்ப்போம். ஆழ்வார் எடுத்த எடுப்பிலேயே வைகிறார். காசுக்கும், கரை போட்ட துணிக்கும், இன்னும் ஏதோ ஒரு கட்டுக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைக்கு வீண்பெயர் இடுகிற அறிவிலிகளே என்று விளிக்கிறார். அரையில் உடுக்க ஒரு துணி கிடைக்கும் என்ற நப்பாசையால் மனிதப் பெயரை இடுகிறீர்களே என்று மற்றொரு பாட்டில் மீண்டும் துணியைப் பற்றியே பேசுகிறார். செல்வர் ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு இட்டு, அதன் பொருட்டு அவரிடம் பரிசு பெறும் வழக்கம் அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது பாட்டின் போக்கிலேயே விளங்குகிறது. வறியவர்கள் செய்த காரியம் அது. வைகிறவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான், பிச்சை புகுந்து உண்ண நேர்ந்தாலும் எம்பெருமான் பெயரையே விரும்புங்கள் என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். வறுமை ஒரு சாக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

இன்று காசு எதிர்த்திசையில் ஓடுகிறது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். எண்கணிதர் ஓர் எழுத்தை இரட்டித்து, இன்னோர் எழுத்தை நடுவில் செருகிக் கொடுக்கிறார். பெற்றோர் பணம் கொடுத்து வாங்கி வருகிறார்கள். முதலாம் வகுப்பில் சேரவரும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துப் பெயர் படிக்கும் நாளில் எனக்கே நாக்குப் புரளுகிறது. ஒரு பிள்ளையின் பெயரை அதன் பாட்டியால் சொல்ல முடியவில்லை. பள்ளி விட்டதும் வாயிலில் நின்று 'பாப்பா' என்றே கூப்பிட்டு அழைத்துப் போகிறார். கூப்பிட முடியாத பெயர் எதற்கு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

நிற்க. இப்பதிகத்தில் என் கருத்தைக் கவர்ந்த சொல் 'நாரணன்' அன்று. 'அழைத்தல்' என்னும் வினை. பெயரிட்டால் என்று சில பாட்டுகளில் சொல்லும் ஆழ்வார், பெயரிட்டு அழைத்தால் என்றும், இன்ன பெயர் சொல்லி அழைத்தால் என்றும் பல பாட்டுகளில் சொல்கிறார். சிரீதரா, மாதவா, கோவிந்தா என்று அங்கே வரும் பெயர்கள் விளியாகவே வருகின்றன. 'கோவிந்தா' என்பதை ஒரே மூச்சில் இரு முறை அடுக்கியும் வைக்கிறார். விளையாடப் போன பிள்ளையைச் சோறுண்ண அழைக்கிற தாய் ஒரு முறை கூப்பிட்டு நிறுத்துவதில்லை அல்லவா? அந்தக் குரல்தான் இது.

இந்தப் பத்துப் பாட்டுகளில் ஒன்றிலேனும் நாரணன் என்ற பெயருக்குப் பொருள் சொல்லப்படவில்லை. அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு; சமய நூலார் ஏடு ஏடாக எழுதியிருக்கின்றனர். ஆழ்வார் அந்தப் பக்கமே போகவில்லை. பெயரின் பொருள் தாய்க்குத் தெரிய வேண்டும் என்றுகூட அவர் நிபந்தனை வைக்கவில்லை. அவள் கூப்பிட்டால் போதும்.

அப்படியானால் பயன் எங்கிருந்து வருகிறது? பதிகத்தின் ஈற்றடி அதற்கு விடை சொல்கிறது. திருப்பெயரைச் சொன்னவளுக்கு நரகம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நாரணனின் தாய்க்கு நரகம் இல்லை என்கிறார். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஊரில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தபின் அவள் பெயர் மறைந்து போகிறது. இன்னாரின் அம்மா என்றே ஊர் அவளைச் சுட்டும். பிள்ளைக்கு நாரணன் என்று பெயரிட்டால் அவள் நாரணனின் அம்மா. நாரணனின் அம்மா என்றால் தேவகியும் யசோதையும் இருக்கும் வரிசை. நரகத்து வாயிற்காவலன் பெயரைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? இப்படிச் சொற்பொருளை வைத்து விளையாடி நரகத்தையே ஏமாற்றுகிற துணிச்சல், கண்ணனுக்குத் தாயாகத் தன்னைப் பாவித்துப் பாடிய ஒருவருக்குத்தான் வரும்.

இதே ஆழ்வார், காது குத்துவதற்குக் கண்ணனை யசோதை அழைப்பதாக இரண்டாம் பத்தில் ஒரு திருமொழி பாடியிருக்கிறார். கேசவன் முதல் தாமோதரன் ஈறாக உள்ள பன்னிரு திருப்பெயர்களும் அங்கே வரிசையாக வருகின்றன. வைணவர் பன்னிரு நாமம் சாத்திக்கொள்ளும்போது சொல்லும் அதே பெயர்கள். அவற்றை ஆழ்வார் எங்கே வைத்தார் பாருங்கள்: காது வலிக்கும் என்று ஓடுகிற குழந்தையை, அப்பம் தருகிறேன், பழம் தருகிறேன் என்று ஆசை காட்டிக் கூப்பிடும் தாயின் வாயில். பெயரைப் பற்றிய அவருடைய கொள்கை முழுவதும் அந்தக் காட்சியில் அடங்கிவிட்டது என்பேன்.

திருமங்கையாழ்வாரோடு ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு தெரியும். பெரிய திருமொழியின் முதற்பதிகம் நாராயணா என்னும் பெயரைத் தாம் கண்டுகொண்டதைப் பாடுவது. வாடி வருந்தி, இளமையைப் பெண்ணின்பத்தில் தொலைத்து, பிறகு அப்பெயரைக் கண்டதாகச் சொல்கிறார். அப்பெயர் என்னவெல்லாம் தரும் என்று அடுக்கும்போது, பெற்ற தாயைக் காட்டிலும் மிகுதியாக நன்மை செய்யும் என்கிறார். அங்கே பெயர் தாயாகிறது, மனிதன் பிள்ளை. பெரியாழ்வாரிடத்தில் பெயர் பிள்ளையாகிறது. மனிதப் பெண் தாய். திருமங்கையார் பாட்டில் ஒரு வாழ்வு முழுதும் தேடிக் கண்டடைந்த நிம்மதி இருக்கிறது. மேலான கவிதை எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லக் கூடிய கவிதை பெரியாழ்வாருடையது.

இனி, இப்பதிகத்தின்மேல் எனக்குள்ள குறையைச் சொல்ல வேண்டும். மனிதப் பெயரை ஆழ்வார் மிகவும் இழித்துப் பேசுகிறார். மண்ணில் பிறந்து மண்ணாகப் போகிறவனின் பெயர் என்கிறார். நம்பி, பிம்பி என்று நாட்டு மனிதரின் பெயரை இட்டால் அந்த நம்பித்தனமும் பிம்பித்தனமும் நாலே நாளில் அழிந்துபோம் என்கிறார். மனிதப் பிறப்பையே அழுக்கு என்று சொல்லும் பாட்டும் உண்டு. மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது அருவருப்பாகத் தோன்றும். தோன்றியவர் சிலர் என்னிடம் சொல்லியும் இருக்கிறார்கள்.

ஆனால் அழுக்குப் பேச்சை ஒரேயடியாக வெறுப்பு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு பாட்டில், அழுக்குக் குழியில் அமுதம் பாய்ந்தாற்போல உங்கள் மூத்திரப் பிள்ளைக்கு என் முகில்வண்ணன் பெயரை இட்டுக் குணாலைக் கூத்தாடித் திரியுங்கள் என்கிறார். 'மூத்திரப் பிள்ளை' என்பது வெறுத்தவன் சொல்லா? மடியை நனைத்த பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழவிகள் வையும் வசவை நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும்? தாலாட்டும் செங்கீரையும் சப்பாணியும் பாடிய வாய்க்கு அந்தச் சுவை நன்றாகத் தெரியும். அழுக்கை அப்புறப்படுத்திவிட்டுப் பெயரை வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அழுக்கோடு இருக்கிறதே, அந்தப் பிள்ளைக்கு வையுங்கள் என்கிறார். இந்தப் பாட்டொன்றே பதிகத்தைக் காப்பாற்றுகிறது.

மனிதப் பெயர் நாலு நாளில் அழியும் என்ற பாட்டை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. அதற்கு மறுமொழி போல் ஒரு நூல், ஆழ்வாருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, வேறொரு சமயத்தாரிடமிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் வரலாறு அது.

திங்களூரில் வாழ்ந்த அப்பூதியார் திருநாவுக்கரசரைக் கண்ணால் கண்டதில்லை, கேள்விப்பட்டதோடு சரி. அப்படியிருந்தும் தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். பிள்ளைகளோடு நிறுத்தினாரா? வீட்டுப் பசுவுக்கும் எருமைக்கும் அப்பெயர். அளக்கும் படிக்கும் நிறுக்கும் கோலுக்கும் அப்பெயர். வழிப்போக்கருக்கு அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயர். இதில் சிரிப்பதற்கு இடம் இருக்கிறது. சேக்கிழார் சிரிக்கவிடாமல் கதையை நடத்துகிறார். தற்செயலாக அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கிறார். அப்பூதியாரிடம் சென்று, இப்பந்தலுக்கு உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். அப்பூதியாருக்கு வந்த சினம் கொஞ்சமா? நாவுக்கரசரின் பெருமையை அறியாமல் பேசும் நீர் யார் என்று சீறுகிறார்.

இவ்விடத்தில் சேக்கிழார் செய்ததைக் கவனிக்க வேண்டும். கேட்கப்பட்டவர் 'நான்தான் அந்த நாவுக்கரசு' என்று சொல்லவில்லை. பிற சமயத்திலிருந்து கரையேறும்படி சூலை நோய் தந்து ஆட்கொள்ளப்பட்ட சிறியேன் என்று, தம் நோயைச் சொல்லித் தம்மை அறிவிக்கிறார். ஊரெங்கும் எழுதப்பட்டிருக்கிற பெயரை, அதற்கு உரியவர் வாய் மட்டும் சொல்லவில்லை. பெயர் அழைப்பவருடைய உடைமை, அழைக்கப்படுபவருடையது அன்று என்பதை இதைவிட நயமாகச் சொல்ல எனக்குத் தெரிந்த காட்சி வேறில்லை. நாவுக்கரசரின் வாழ்வே இதற்குச் சான்று. பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். சமணர் அளித்தது தருமசேனர். திருவதிகையில் இறைவன் தந்தது நாவுக்கரசு. சீகாழிப் பிள்ளையாராகிய சம்பந்தர் வாயிலிருந்து வந்தது அப்பர். இந்நான்கில் எதுவும் அவராகச் சூட்டிக்கொண்டது அன்று. நாம் எல்லாரும் இன்று அவரைச் சொல்வது, ஒரு சிறு பிள்ளை கூப்பிட்ட பெயரால்.

கதையின் பிற்பகுதி இன்னும் கடுமையானது. விருந்துக்கு வாழைக்குருத்து அரியப் போன மூத்த திருநாவுக்கரசைப் பாம்பு தீண்டிவிடுகிறது. பையன் குருத்தைக் கொண்டுவந்து தாய் கையில் கொடுத்துவிட்டு விழுந்து இறக்கிறான். விருந்து கெடக்கூடாதென்று பெற்றோர் உடலை மறைத்து வைக்கிறார்கள். திருநீறு தருவதற்கு மூத்த மகனைக் கேட்ட நாவுக்கரசரிடம், இப்போது அவன் உதவமாட்டான் என்று மட்டும் அப்பூதியார் சொல்கிறார். பிறகு உண்மை வெளிப்பட்டதும், நாவுக்கரசர் பதிகம் பாட, பையன் எழுகிறான்.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பெயர் பாம்பைத் தடுக்கவில்லை. நாவுக்கரசின் பெயரை வைத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பாம்பு கடித்தது, பிள்ளை செத்தது. பெயரைத் தாயத்தாகக் கருதுகிறவர் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். பெயர் செய்தது ஒன்றே: ஒரு மனிதரை அந்த வீட்டு வாயிலுக்கு வரவழைத்தது. தண்ணீர்ப் பந்தலில் தம் பெயரைப் பார்த்திராவிட்டால் அவர் வழியோடு போயிருப்பார்.

இவ்வளவும் ஏட்டிலே. பெயர் எந்த வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு என்றால், நம் தோட்டங்களில் நடந்ததையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். இருட்டு விலகுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்ட காலத்தில், அந்த ஏட்டில் இருந்தவை எல்லாம் பெரும்பாலும் சாமி பெயர்களே. ராமசாமி, கோவிந்தசாமி, முனியாண்டி, மாரியாயி, லெட்சுமி. ஆழ்வார் கேட்டபடியே நம் பாட்டிமார் பெயரிட்டிருந்தார்கள். அந்தப் பெயர்களைத்தான் வசவோடு சேர்த்து நாள்தோறும் கூவினார்கள். 1957-க்கு முந்திய வெள்ளைக்காரர் ஆட்சியில், தமிழ்த் தொழிலாளி எவனாயினும் 'ராமசாமி' என்று ஏளனமாகச் சுட்டும் வழக்கமும் இருந்தது. இராமனின் பெயர், மூளையில்லாத கூலி என்பதற்கு மறுபெயராயிற்று. திருப்பெயருக்கே உள்ளார்ந்த ஆற்றல் இருக்குமானால் அந்த வாய்களில் அது என்ன ஆயிற்று? ஆழ்வார் தாயை மட்டும் ஏன் சொன்னார், ஊரை ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. களத்தில் இழிந்த பெயர், மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் தாயின் வாயில் மறுபடி பழைய பெயராயிற்று. நாளுக்கு ஒருமுறை அதைத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது.

பிறர் வாயைக் குறை சொல்லிவிட்டு என் வாயை விட்டுவிடுவது நேர்மை ஆகாது. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலைக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். தனித்தமிழ் ஆர்வம் மிகுந்திருந்த வயது. 1916 முதல் தனித்தமிழைப் பரப்பிய மறைமலையடிகள் வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் என்பதை வகுப்புதோறும் சொல்லிக்கொண்டிருப்பேன். முதலாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். அவள் பெயரில் 'பிச்சை' என்ற சொல் இருந்தது. பிறப்புப் பத்திரத்தில் உள்ளதைப் பதிவேட்டில் மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் வகுப்பில் கூப்பிடுவது என் வாய்தானே? சங்க இலக்கியத்திலிருந்து அழகான பெயர் ஒன்றைத் தேர்ந்து அவளை அப்பெயராலேயே அழைத்தேன். மற்றப் பிள்ளைகளையும் அழைக்கச் செய்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற எண்ணம். அவளும் அப்பெயரை விரும்பினாள். தன் நோட்டுப் புத்தகங்களில் அதையே எழுதினாள்.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், வெட்டு முடிந்து பால் நிறுத்துவிட்டு வந்த அவள் தாய் வகுப்பு வாசலில் நின்று மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தாம் இட்ட பெயரால்தான். சிறுமி தலைகுனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். காது கேட்கவில்லை என்று எண்ணித் தாய் இன்னும் சற்று உரக்கக் கூப்பிட்டார். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது நானே எழுந்து போய் அவள் தோளைத் தொட்டு அனுப்பி வைத்தேன். அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பிறகு ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் அம்மாள் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தத் தாய்க்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு, பிறந்ததும் ஏழு வீட்டில் மடிப்பிச்சை ஏந்தி, அந்த அரிசியில் பொங்கலிட்டு அப்பெயரை வைத்தார்கள்.

குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி, தவிடன், மூக்கன் முதலிய பெயர்களின் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியாததன்று. பிறந்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பதும், தவிட்டுக்கு விற்று வாங்குவதும், மூக்குக் குத்தி விடுவதும், எமன் கண்ணுக்குப் பிள்ளை மதிப்பில்லாததாகத் தோன்ற வேண்டும் என்று செய்தவை. எனக்கும் அது தெரியும். பயிற்சிக் கல்லூரியில் நாட்டார் வழக்கு என்று படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். தெரிந்த ஒன்றை என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையோடு பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை. குறுந்தொகையில் 305ஆம் பாட்டின் ஆசிரியருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயர். விலக்குவார் இன்றிக் குப்பைமேட்டில் பொருதுகிற கோழிகளை உவமை சொன்னதால் வந்த பெயர். குப்பையைப் பெயரில் வைத்திருந்த புலவரைப் போற்றிப் பாடம் நடத்தியவன்தான் நான்.

எல்லா இழிபெயரும் இப்படி அன்பில் பிறந்தவை என்று சொல்ல வரவில்லை. பெண் பிள்ளை தொடர்ந்து பிறந்தால் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்டார்களே, அது வேறு. அந்தப் பெயரில் அழைக்கப்படும் குழந்தைக்கு இடமே இல்லை. அடுத்துப் பிறக்கப்போகும் ஆண் பிள்ளைக்குத்தான் இடம். அதை மாற்றிக் கூப்பிடும் ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். பெயரின் சொற்பொருளை மட்டும் பார்த்தால் பிச்சையும் வேண்டாமும் ஒன்றாகவே தோன்றும். ஒன்றாகத் தோன்றியதுதான் என் பிழை.

மனிதப் பெயர் நாலு நாளில் அழியும் என்ற பாட்டுக்குத் திரும்புகிறேன். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கம். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். ஆனால் கணவன் பெயரைச் சொல்லக்கூடாதென்று இருந்த பெண்கள், கணவன் பெயரைத் தாங்கும் பேரனை எப்படிக் கூப்பிடுவார்கள்? கூப்பிடமாட்டார்கள். வேறொரு சொல்லால் அழைப்பார்கள். பெரியாழ்வாரின் பதிகத்தில் அழைப்பதற்கு இடம் உண்டு; அழைக்காமல் வைத்துக் காக்கும் பெயருக்கு இடம் இல்லை.

என் தாத்தா சப்பானியர் காலத்தில், 1943-இல், சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது; அவர் திரும்பவில்லை. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் தொழிலாளரில் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. என் அண்ணனுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சாமி பெயர் இல்லை. எங்கள் குலத்தில் யாரோ ஒரு மூதாதையின் பெயர். ஆழ்வார் கணக்கில் அது மனிதப் பெயர்தான்.

பாட்டி அண்ணனை 'ஐயா' என்பார். பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் எழுத நான் உட்கார்ந்து தாத்தா பெயர் என்ன என்று கேட்டபோதும் சொல்லவில்லை. 'உங்கண்ணனைக் கேளு' என்றார். லயத்து வாசலில் யாராவது நின்று அந்தப் பெயரைக் கூவி அண்ணனை விளையாடக் கூப்பிடுவார்கள். பாட்டி கையில் இருக்கிற முறத்தையோ வெற்றிலையையோ அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். அண்ணன் உள்ளேயிருந்து ஓடிப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்ட பிறகுதான் குனிவார்.